ஊசி போடத் தெரியாத தாதி யாரும் இல்லை

வருஷத்துக்கு ஒரு தடவை அந்த இணையப் பாடம் எங்கள் எல்லாருடைய மின்னஞ்சலிலும் வந்து நிற்கும். பாதுகாப்பாக ஊசி போடுவது எப்படி என்று கொஞ்சம் படங்கள், கொஞ்சம் வீடியோ, கடைசியில் கேள்விகள். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடலாமா? கூடாது. ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சை இன்னொருவருக்குப் பயன்படுத்தலாமா? கூடாது. நைட் ஷிஃப்ட்டில் மைலோ குடித்துக்கொண்டே முடித்துவிட்டுச் சான்றிதழை இறக்கி மேனேஜருக்கு அனுப்பிவிடலாம். இதில் யாரும் ஃபெயில் ஆனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அதே வாரத்தில் அதே ஆட்களில் ஒருவர், கையில் குத்திவிடும் என்று தெரிந்தும், போட்டு முடித்த ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இதைத்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் வார்டில் வேலை பார்க்கிறேன், கூடவே தொற்றுக் கட்டுப்பாட்டுக்கான லிங்க் நர்ஸ் என்ற பொறுப்பும் இருக்கிறது, அதாவது என் சொந்த சகாக்களையே கிளிப்போர்டு வைத்துக்கொண்டு வேவு பார்க்கிற வேலை. அப்படிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஊசி விஷயத்தில் தாதியர் செய்கிற தப்புகளில் பெரும்பாலானவை தெரியாமல் நடப்பவை இல்லை. ட்ராலி, குப்பைப் பெட்டி, மணி, கூப்பிடுகிற ஆட்கள், பேச முடியாத சீனியர், இவையெல்லாம் சேர்ந்துதான் அந்தத் தப்பை நடத்தி வைக்கின்றன. அதை விட்டுவிட்டு இன்னும் ஒரு பாடம், இன்னும் ஒரு போஸ்டர் என்று போனால் ஒன்றும் மாறாது.

உலகச் சுகாதார நிறுவனம் பாதுகாப்பான ஊசி என்பதை மூன்று பேரை வைத்துச் சொல்கிறது. போட்டுக்கொள்பவருக்குக் கெடுதல் வரக்கூடாது, போடுபவருக்குத் தவிர்க்கக்கூடிய ஆபத்து வரக்கூடாது, மிஞ்சுகிற குப்பையால் ஊருக்கு ஆபத்து வரக்கூடாது. இந்த மூன்றாவது ஆளை நாம் சுத்தமாக மறந்துவிடுகிறோம், அதைக் கடைசியில் சொல்கிறேன். உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 1,600 கோடி ஊசிகள் போடப்படுவதாக அந்த நிறுவனம் சொல்கிறது. அதில் தடுப்பூசி ஒரு சின்னப் பங்குதான், மற்றதெல்லாம் சிகிச்சைக்கு, அதிலும் ஏகப்பட்டது தேவையே இல்லாதது. நம் ஊரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, காய்ச்சல் என்று போய் வெறும் மாத்திரையோடு திரும்பி வந்தால் "என்ன டாக்டர் இவரு, ஒரு ஊசிகூடப் போடலை" என்று சொல்லும் பெரியம்மாக்கள் எல்லார் வீட்டிலும் உண்டு.

2000-ஆம் ஆண்டில் மட்டும், பாதுகாப்பில்லாத ஊசியால் சுமார் 2.1 கோடிப் பேருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, 20 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் சி, 2.6 லட்சம் பேருக்கு எச்ஐவி தொற்றியதாகக் கணக்கு. பத்து வருஷம் கழித்து, 2010-க்கான கணக்கில் அது பி 17 லட்சம், சி அதிகபட்சம் 3.15 லட்சம், எச்ஐவி 34 ஆயிரத்துக்குள் என்று இறங்கியிருந்தது. ஒரு தடவை போட்டால் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகள் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது இதற்கு ஒரு பெரிய காரணம். கவனியுங்கள், சிரிஞ்சு மாறியது. ஆட்கள் ஒரே ராத்திரியில் திருந்திவிடவில்லை.

இதைப் படித்ததும் "அதெல்லாம் வேற நாட்டுக் கதை" என்று தோன்றும். கம்போடியாவில் ரோகா என்ற கிராமத்தில் 2014-இல் உரிமம் இல்லாத ஒருவர் போட்ட ஊசிகளால் இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு எச்ஐவி வந்தது, அது மாதிரியா இங்கே நடக்கும் என்று. சரி, அடுத்த வருஷமே இங்கே என்ன நடந்தது? 2015 அக்டோபரில் சிங்கப்பூர் பொது மருத்துவமனை ஒரு செய்தியாளர் கூட்டம் வைத்தது. சிறுநீரக வார்டில் இருந்த நோயாளிகளுக்கு ஹெபடைடிஸ் சி பரவியிருந்தது, கடைசிக் கணக்கில் 25 பேர். பலர் சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தியை வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பவர்கள், நாள் முழுக்க ரத்தம் எடுப்பதும் மருந்து ஏற்றுவதுமாக ஊசியோடு வாழ்பவர்கள். அப்போது நான் வேறு ஒரு மருத்துவமனையில் இருந்தேன். அன்றைக்கு எங்கள் பேன்ட்ரியில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. எல்லாரும் ஃபோனில் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தோம், எல்லாருக்கும் மனதில் ஓடியது ஒரே விஷயம்தான் என்று நினைக்கிறேன்: நம் வார்டு அவர்கள் வார்டைவிட அப்படியென்ன வித்தியாசம்?

ஆரம்பத்தில் எல்லாரும் ஒரே குப்பியிலிருந்து பல பேருக்கு மருந்து எடுக்கும் பழக்கத்தைத்தான் சந்தேகப்பட்டார்கள். டிசம்பரில் வந்த சுயேச்சையான மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, ஒரு ஆளையோ ஒரு குப்பியையோ குற்றவாளியாக நிறுத்தவில்லை. தொற்றுத் தடுப்பு நடைமுறைகளில் இருந்த ஓட்டைகள் உட்படப் பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதாகத்தான் சொன்னது. அந்த முடிவு பலருக்கு ஏமாற்றம், யாராவது மாட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தார்கள். எனக்கு மட்டும் அது மிகவும் நேர்மையான முடிவாகப் பட்டது, ஏனென்றால் வார்டில் தப்பு அப்படித்தான் நடக்கும்.

ஹெபடைடிஸ் கிருமிகளைப் பற்றி நோயாளிகளின் உறவினர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில், குறைந்தது ஏழு நாள் தொற்றும் சக்தியோடு இருக்கும். சி கிருமி அறை வெப்பத்தில் பல வாரம் தாங்கும் என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். அதனால்தான் "நீடிலை மாத்திட்டோமே, சிரிஞ்சு அதேதானே இருந்தா என்ன" என்பது இந்தத் துறையிலேயே மிக ஆபத்தான நினைப்பு. ஊசியை உடம்பிலிருந்து வெளியே எடுக்கும்போதும், நீடிலைக் கழற்றும்போதும் சிரிஞ்சுக்குள் ஒரு சின்ன உறிஞ்சல் இருக்கும், அதில் ரத்தம் உள்ளே வந்துவிடும். அப்புறம் அந்த சிரிஞ்சைக் குப்பியில் விட்டால் குப்பி முழுக்கப் போச்சு.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு புற்றுநோய் கிளினிக்கில் 2000-2001 வாக்கில் இதுதான் நடந்தது. நோயாளியின் நெஞ்சில் இருக்கும் போர்ட்டிலிருந்து, அதாவது மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் பொருத்தியிருக்கும் கருவியிலிருந்து, ரத்தம் எடுத்த அதே சிரிஞ்சை, அதை ஃப்ளஷ் செய்து கழுவிவிடுவதற்காகப் பொதுவாக மாட்டியிருந்த சேலைன் (உப்புத் தண்ணீர்) பையில் விட்டார்கள். அந்தப் பையிலிருந்துதான் அடுத்தடுத்து எல்லாருக்கும். 99 பேருக்கு ஹெபடைடிஸ் சி. கீமோதெரபிக்கு வந்தவர்கள். இதைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் எண்ணிக்கையைச் சொல்வதோடு நிறுத்துவதில்லை, ஏன் அந்தப் பையைப் பொதுவாக மாட்டினார்கள் என்று கேட்பேன். வேறு எதற்கு, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான். இப்போது எங்கள் வார்டுகளில் சேலைன் ஏற்கெனவே நிரப்பிய சிரிஞ்சுகளாகவே வருகிறது, ஒருவருக்கு ஒன்று, முடிந்ததும் தூக்கிப் போட வேண்டியதுதான். சரியான வழியே சீக்கிரமான வழியாகவும் இருந்தால் யாரும் குறுக்கு வழியில் போக மாட்டார்கள்.

இன்சுலின் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள், சாயங்கால வார்டு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இங்கே ராச்சாப்பாடு ஐந்து மணிக்கெல்லாம் வந்துவிடும். சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாருக்கும் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும், அளவைப் பொறுத்து இன்சுலின் போட வேண்டும், இன்சுலினை இன்னொரு தாதி சரிபார்க்க வேண்டும், அந்த இன்னொரு தாதி எங்கேயோ ஒரு தாத்தாவைக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். பார்வையாளர் நேரமும் அதுதான். ஆறு படுக்கை உள்ள அறையில் ஆறு குடும்பம். "மிஸ்ஸி, டாக்டர் வந்தாங்களா?" "மிஸ்ஸி, அம்மாவுக்குத் தண்ணி வேணுமாம்." ஐந்தாவது படுக்கையில் இருப்பவர், பசி பொறுக்காமல், சர்க்கரை பார்க்கும் முன்னாலேயே கஞ்சியில் கையை வைத்துவிட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவே ஒரு தாதி மூன்றாவது படுக்கை பாட்டிக்கு இன்சுலின் போட்டு முடிக்கிறாள். கையில் திறந்த ஊசி. ஷார்ப்ஸ் பின், அதாவது பயன்படுத்திய ஊசிகளைப் போடும் கெட்டியான பெட்டி, எங்கே? ட்ராலியில் இருக்க வேண்டும், ட்ராலியோ அறை வாசலில் நிற்கிறது, ஏனென்றால் மூன்றாவது படுக்கைக்கும் நான்காவது படுக்கைக்கும் நடுவே உறவினர்கள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டியின் பேரன், சின்னப் பையன், பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். திறந்த ஊசியோடு அந்தப் பையனைத் தாண்டி வாசல் வரைக்கும் நடப்பதா, இல்லை மூடியைப் போட்டுக்கொண்டு நடப்பதா? அவள் மூடியைப் போட்டாள். பையனுக்குக் குத்திவிடக்கூடாது என்று நினைத்துத்தான் போட்டாள். என் கிளிப்போர்டில் அதற்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது: "மூடி போட்டார் - விதிமீறல்".

நான் அந்தக் கட்டத்தில் டிக் அடிக்காமல் பின்னைப் பற்றி மேனேஜரிடம் பேசினேன். ட்ராலியை உள்ளே கொண்டுபோக முடியாத இடத்துக்கு, தட்டோடு சேர்ந்த சின்னப் பின் ஒன்று இருந்தால் போதும். தட்டில் ஊசி, பஞ்சு, பின், எல்லாம் ஒரே கையில் படுக்கைப் பக்கம் வரும். போட்ட இடத்திலேயே போட்டுவிடலாம். இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை, எந்த வழிகாட்டியைப் புரட்டினாலும் பின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். ஆனால் எழுதியிருப்பதற்கும் வாங்கித் தருவதற்கும் நடுவில் கொள்முதல் பிரிவு என்று ஒன்று இருக்கிறதே. மாதக்கணக்கில் இழுத்து, ஒருவழியாக வந்தது. வந்த பிறகு எங்கள் வார்டில் மூடி போடுவது கண்கூடாகக் குறைந்தது. யாருக்கும் நான் ஒரு வகுப்பும் எடுக்கவில்லை.

ஷார்ப்ஸ் பின் நிரம்புவதும் ஒரு பிரச்சினை. முக்கால் பாகம் என்று கோடு போட்டிருக்கும், அதைத் தாண்டியும் அமுக்கி அமுக்கிப் போடுவார்கள், ஏனென்றால் புதுப் பின்னை எடுத்து மாற்றுவது யார் வேலை என்பதில் தெளிவு இல்லை. காலை ஷிஃப்ட் மாலைக்கு விடும், மாலை நைட்டுக்கு விடும். எங்கள் வார்டில் இப்போது நைட் ஷிஃப்ட் ரிப்போர்ட் கொடுக்கும் முன்னால் பார்த்து மாற்ற வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அவ்வளவுதான், சொன்னால் அற்பமாக இருக்கும்.

பாதுகாப்பு நீடில் வந்த பிறகும் ஏன் குத்திக்கொள்கிறார்கள் என்று வெளியாட்கள் கேட்பார்கள். அந்த நீடிலில் ஒரு பிளாஸ்டிக் மடல் இருக்கும், போட்டு முடித்ததும் அதே கையின் கட்டைவிரலாலோ, ஏதாவது கெட்டியான பரப்பில் அழுத்தியோ மடக்க வேண்டும், "டிக்" என்று சத்தம் வரும் வரைக்கும். பாதிப் பேர் அடுத்த கை விரலால் மடக்குகிறார்கள், பழைய மூடி போடும் பழக்கம் விரலை விட்டுப் போகவில்லை. மீதிப் பேர் பின்னில்தானே போடப் போகிறோம் என்று மடக்காமலே போட்டுவிடுகிறார்கள். புது சாமான் வரும்போது விற்க வந்தவர் தாதியர் ஸ்டேஷனில் நின்று ஒரு தடவை காட்டிவிட்டுப் போய்விடுவார், அன்றைக்கு லீவில் இருந்தவர்கள் தாங்களாகவே கற்றுக்கொள்வார்கள். ஆரஞ்சுப் பழத்தைக் கையில் கொடுத்துப் பத்துத் தடவை போட்டு மடக்கச் சொன்னால் போதும், ஸ்லைடு வேண்டாம். விரல்தான் பழக வேண்டும், மூளைக்கு ஏற்கெனவே தெரியும்.

அடுத்தது குறுக்கீடு. மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கூப்பிடுவது. 2021 ஜனவரியில் சிங்கப்பூர் தேசியக் கண் நிலையத்தில் ஊழியர்களுக்குக் கொவிட் தடுப்பூசி போடும்போது ஒருவருக்கு ஐந்து டோஸ் அளவு மருந்து ஒரே ஊசியில் போய்விட்டது நினைவிருக்கும். அப்போதைய ஃபைசர் மருந்தை சேலைன் கலந்து நீர்க்கச் செய்த பிறகுதான் போட வேண்டியிருந்தது. கலக்க வேண்டியவரை அதற்குள் வேறு வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே இருந்த குப்பியை, கலந்து தயாராக இருக்கிறது என்று இன்னொருவர் எடுத்துப் போட்டுவிட்டார். நல்லவேளை, ஊசி போட்டுக்கொண்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை. செய்தி வந்தபோது ஃபேஸ்புக்கில் எல்லாரும் "இதுகூடத் தெரியாதா" என்று திட்டினார்கள். தெரியாமல் இல்லையே. கூப்பிட்டார்கள், போனார், குப்பியை இன்னொருவர் எடுத்தார், கதை முடிந்தது.

சில இடங்களில் மருந்து கொடுக்கும் தாதிக்கு "தொந்தரவு செய்யாதீர்கள்" என்று எழுதிய சிவப்பு உடுப்பு மாட்டிவிடுவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அதைப் போட்டுக்கொண்டு நிற்பவரிடம் வந்து "மிஸ்ஸி, இந்தச் சிவப்பு ட்ரெஸ் எதுக்கு?" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட, மருந்து எடுக்கும் இடத்தில் தொலைபேசி இல்லாமல் பார்த்துக்கொள்வதும், குப்பியைத் திறந்த அந்த நிமிஷமே லேபிள் ஒட்டுவதும், பாதியில் விட்டுப் போனால் அந்த மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவதும் உருப்படியானவை. கடைசியாகச் சொன்னது மேனேஜர் சம்மதித்தால்தான் நடக்கும், வீணாகிப்போன மருந்துக்கு விளக்கம் கேட்கிற வார்டில் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள்.

போன வருஷம் திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு புதுப் பெண் வந்து சேர்ந்தாள். நல்ல கை, ரத்தக்குழாய் கிடைக்காத நோயாளிகளிடம்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். ஒருநாள் கிட்னி டிஷ் என்ற வளைந்த தட்டில் பஞ்சைப் போட்டு ஆல்கஹாலை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"ஸ்பிரிட் பஞ்சு அக்கா. ஊர்ல காலையிலேயே ஒரு டப்பா நிறைய ஊற வச்சிடுவோம், நாள் பூரா அதுதான்."

"ஒவ்வொரு தடவையும் அந்த டப்பாவுக்குள்ள யாரு கையை விடுவாங்க?"

கொஞ்சம் யோசித்தாள். "எல்லாரும்தான்."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊறவைத்த பஞ்சு டப்பா கைக்கிருமிகளின் குளம் ஆகிவிடும், வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே எழுதியிருக்கிறது. தனித்தனியாகப் பொட்டலத்தில் வரும் ஆல்கஹால் துணியை எடுத்து முப்பது விநாடி துடைத்து, இன்னொரு முப்பது விநாடி காயவிட வேண்டும். அந்தக் காயவிடுவதைத்தான் இங்கேயும் யாரும் செய்வதில்லை, ஊதிக் காயவைப்பவர்கள்கூட உண்டு, ஐயோ. குப்பியின் ரப்பர் மூடிக்கும் இதேதான்: புதுக் குப்பி, தகர மூடியை இப்போதுதான் கிழித்தேன், அதனால் சுத்தமாக இருக்கும் என்று நினைக்கிறோம். தகரத்துக்கு அடியில் இருக்கும் ரப்பர் கிருமி நீக்கியதாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. துடைக்க வேண்டும்.

அதே பெண் என்னிடம் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்று இன்னும் நல்ல கேள்வி. "அக்கா, இங்க எல்லாரும் கையுறை போட்டுத்தான் ஊசி போடறாங்க, ஆனா அதே கையுறையோட கம்ப்யூட்டர்ல தட்டறாங்க, திரையை இழுக்கறாங்க, அது மட்டும் சரியா?" சரியில்லைதான். தோலில் காயம் இல்லாத தாதி சாதாரணமாகத் தசையிலோ தோலுக்கு அடியிலோ ஊசி போடக் கையுறை அவசியமே இல்லை என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை, கை கழுவுவதுதான் அவசியம். மருத்துவமனைக்கு மருத்துவமனை விதி மாறும், உங்கள் இடத்தில் போடச் சொன்னால் போடுங்கள். ஆனால் கையுறை போட்டிருப்பதால் கையைச் சுத்தம் செய்யத் தேவையில்லை என்ற நினைப்பு வந்துவிடுகிறது பாருங்கள், அதற்குக் கையுறை இல்லாமல் இருப்பதே மேல்.

இப்படி அவள் என்னிடம் கேட்டாள், ஆனால் சீனியர் ஒருவரிடம் நேருக்கு நேர் சொல்லியிருப்பாளா? மாட்டாள். நம் பிள்ளைகள் மட்டுமில்லை, பிலிப்பீன்ஸிலிருந்து வந்தவர்களும், மியன்மாரிலிருந்து வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும்கூட அப்படித்தான். பெரியவர்களைத் திருத்துவது மரியாதைக் குறைவு என்று எல்லார் வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். இதற்கு "தைரியமாகப் பேசுங்கள்" என்று போஸ்டர் ஒட்டினால் என்ன ஆகும்? எங்கள் வார்டில் ஒரு வழி கண்டுபிடித்தோம். யார் யாரிடம் சொன்னாலும் ஒரே வாக்கியம்தான்: "ஒரு நிமிஷம், இதை சேர்ந்து பார்ப்போமா?" இதைக் கேட்டதும் கையில் இருப்பதை நிறுத்த வேண்டும், விளக்கம் கேட்கக்கூடாது. முதலில் மேனேஜரையே இதற்கு உட்படுத்தினோம், அவரே வேண்டுமென்றே, திறந்த தேதி எழுதாத இன்சுலின் குப்பியோடு நின்றார், ஜூனியர்கள் போய்ச் சொன்னார்கள், அவர் சிரித்துக்கொண்டே "தேங்க் யூ" என்றார். நாடகம்தான். ஆனாலும் மேனேஜரிடமே சொல்லியாயிற்று என்றால் மற்றவர்களிடம் சொல்வது அவ்வளவு கஷ்டம் இல்லை.

டாக்டர்களிடம் சொல்வது மட்டும் இன்னும் கஷ்டம்தான். இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். படுக்கைப் பக்கத்திலேயே ரத்தக்குழாயில் லைன் போடுவது, உடம்பில் சேர்ந்த நீரை எடுப்பது மாதிரி வேலைகளை முடித்துவிட்டு, ரத்தம் தோய்ந்த துணிக்கு அடியில் ஊசியை அப்படியே தட்டில் விட்டுவிட்டுப் போகும் டாக்டர்கள் உண்டு. அந்தத் தட்டை எடுத்து வைப்பது தாதி, இல்லை உடல்நலப் பராமரிப்பு உதவியாளர். குத்துவது அவர்களுக்கு. பயன்படுத்தியவர்தான் தன் ஊசியைத் தானே பின்னில் போட வேண்டும், இது எல்லா இடத்திலும் விதி, ஆனால் தணிக்கை செய்யும் கிளிப்போர்டு எங்கள் பக்கம் மட்டும்தான் திரும்புகிறது. டாக்டர்களின் தட்டுகளையும் எண்ணுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், சொல்லிக்கொண்டே இருப்பேன்.

குத்திவிட்டால் என்ன செய்வது? சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். தடுப்பூசி போட்டு எதிர்ப்புச் சக்தி இருக்கிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி கவலை இல்லை. போடாதவர்களுக்குத்தான் ஒரு குத்தில் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை போகும். எச்ஐவிக்கு அது சுமார் 0.3 சதவீதம்தான், அதற்கும் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்துக்குள், மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் இன்னும் குறையும். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியும் இல்லை, குத்திய பிறகு தொற்றைத் தடுக்கும் மருந்தும் இல்லை, ஆனால் இப்போது மாத்திரையாலேயே சில வாரங்களில் குணப்படுத்துகிறார்கள். இவ்வளவும் தெரிந்தவர்கள்தான் ராத்திரி மூன்று மணிக்குக் குத்திக்கொண்டால் சொல்லாமல் விடுகிறார்கள். படிவம் நிரப்ப வேண்டும், அவசரப் பிரிவுக்குப் போய் உட்கார வேண்டும், தன் நோயாளிகளை ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் தோழியிடம் விட வேண்டும், காலையில் "எப்படிக் குத்திச்சு, கவனமா இருக்கக் கூடாதா" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் நிறுத்திவிட்டால் போதும், பாதிப் பேர் வந்து சொல்வார்கள். முதல் கேள்வி "நீ நல்லா இருக்கியா"வாகவும், இரண்டாவது "ஷார்ப்ஸ் பின் எங்க இருந்துச்சு"வாகவும் இருக்கட்டும்.

இப்போது அந்த மூன்றாவது ஆள். மருத்துவமனைக்குள் ஊசிக் குப்பை தனிப் பெட்டியில், தனி வண்டியில் போய் எரிக்கப்படுகிறது, அதில் எனக்குப் பெரிய பயம் இல்லை. பயமெல்லாம் வீட்டில்தான். நாங்கள் டிஸ்சார்ஜ் செய்யும்போது இன்சுலின் போடக் கற்றுக்கொடுக்கிறோம், வயிற்றில் இடத்தை மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறோம், இன்சுலின் பேனாவை (மருந்து உள்ளேயே இருக்கும், பேனா மாதிரியான ஊசி) வீட்டில் வேறு யாரோடும் பகிரக்கூடாது என்கிறோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சர்க்கரை இருக்கும் வீடுகளில் நீடிலை மட்டும் மாற்றி ஒரே பேனாவில் போட்டுக்கொள்வது சர்வசாதாரணம். அதுவும் கூடாது, பேனாவின் மருந்துக்குள்ளேயே ரத்தம் ஏறிவிடும். ஆனால் போட்டு முடித்த நீடிலை என்ன செய்வது என்பதை, பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போகும்போதுதான் சொல்கிறோம், பாதி நேரம் அதுவும் இல்லை.

அதனால் அது பிளாஸ்டிக் பையில் போய், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் குப்பைக் குழாயில் விழுந்து, கீழே அந்தக் குப்பையை இழுத்து வெளியே எடுக்கும் துப்புரவுத் தொழிலாளியின் கையில் குத்துகிறது. அவர் பங்ளாதேஷிலிருந்தோ, நம் ஊர்ப் பக்கத்திலிருந்தோ வந்தவராக இருப்பார். குத்தினால் யாரிடம் சொல்வது என்றுகூட அவருக்குத் தெரியாது. யார் ரத்தம் என்று கண்டுபிடிக்கவும் வழி இல்லை.

இதற்குச் செய்ய வேண்டியது சுலபம். துணி துவைக்கும் திரவம் வந்த கெட்டியான பிளாஸ்டிக் புட்டி, இல்லை மூடி போட்ட வேறு ஏதாவது கெட்டியான டப்பா, அதில் நீடில்களைச் சேர்த்து வையுங்கள், குழந்தை கைக்கு எட்டாத இடத்தில். வெளியே "ஊசி" என்று எழுதி ஒட்டுங்கள். முக்கால் நிறைந்ததும் மூடியை டேப் போட்டு நன்றாக ஒட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், நசுங்கிவிடும், நீடிலும் வெளியே வந்துவிடும். சந்தேகம் இருந்தால் அடுத்த தடவை பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போகும்போது தாதியிடம் கேளுங்கள். எங்கள் வார்டில் இந்த மாதத்திலிருந்து, இன்சுலினோடு வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் "வீட்டில் எந்த டப்பாவில் போடுவீங்க?" என்று கேட்டுப் பதிலை எழுதிக்கொள்கிறோம். நேற்று ஒரு அண்ணன் "மைலோ டின்னு இருக்கு மிஸ்ஸி" என்றார். அதுவும் சரிதான், மூடியை மட்டும் நன்றாக ஒட்டச் சொன்னேன்.